இரவல் கொள்கை

தையல்காரரின் மனைவி தும்மிய வாரத்தில் நாட்டில் நடந்துகொண்டிருந்தது ஒரு பணக்கார நாட்டின் கொள்கை. பின்னால் வந்த வினைக்கெல்லாம் அதுதான் காரணம். அதற்கு முந்தைய வாரம் தும்மியிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

புதுக் காய்ச்சல் ஒன்று கிளம்பிவிட்டது என்று தெரிந்ததும் ஒவ்வொரு நாடும் தனக்குத் தெரிந்த விதத்தில் சாத்திக்கொண்டது. சில நாடுகள் முன்கதவைச் சாத்தின. சில பின்கதவைச் சாத்தின. சில காதை மட்டும் சாத்திக்கொண்டன. இந்த நாட்டின் சுகாதாரத் துறை அவசரப்படவில்லை. யார் எதைச் சாத்துகிறார்கள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்து முடித்த பிறகு துறையின் இயக்குநர் தொலைக்காட்சியில் ஒரு பூந்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்.

“சொந்தமா யோசிச்சு ஒண்ணு செஞ்சு, அது பலிக்கலேன்னா பழி துறை மேல வரும். பலிச்ச நாட்டைப் பார்த்து அப்படியே செஞ்சு, அது பலிக்கலேன்னா பழி சரியா நடந்துக்காத மக்கள் மேல போகும். அதனால மக்கள் ஒத்துழைக்கணும்” என்றார்.

இதை அவர் ஒளித்து மறைத்துச் சொல்லவில்லை. முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டு நேராகப் பார்த்தே சொன்னார்.

ஏற்பாடு இதுதான். எந்த நாட்டில் நோயாளிகள் குறைவு என்று வாரம் ஒரு முறை பார்ப்பார்கள். குறைவாக இருக்கும் நாட்டின் சுற்றறிக்கையை வரவழைத்து, தமிழில் எழுதி, அப்படியே அமலுக்குக் கொண்டுவருவார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றக்கூடாது என்பது இயக்குநரின் கண்டிப்பான உத்தரவு. அங்கே நோயை நிறுத்தியது எந்த வரி என்று நமக்குத் தெரியாது, அந்தக் காற்புள்ளியாகக்கூட இருக்கலாம் அல்லவா என்று அவர் கேட்டார். யாரிடமும் பதில் இல்லாததால் துறையில் அது அறிவியல் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது.

தையல்காரருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் கடையும் வீடும் ஒன்று. முன்னால் தையல் மிஷினும் வெட்டும் மேசையும்; ஒரு திரைக்குப் பின்னால் அடுப்பும் பாயும். அவர் வெட்டித் தைப்பார். மனைவி மடித்தடிப்பாள், பட்டன் வைப்பாள், பிசிறு வெட்டுவாள், அவர் மறந்ததையெல்லாம் ஞாபகப்படுத்துவாள். அவருக்குக் கிட்டத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போய் நாளாகிவிட்டது. ஊசியில் நூல் கோத்துத் தருவதும் அவள்தான். வெளியே யாருக்கும் இது தெரியக்கூடாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

சுகாதார ஆய்வாளர் அன்று கடைக்கு வந்தது சோதனை போட அல்ல. அலைச்சலில் இளைத்துப்போய், கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை என்று வந்தார். தையல்காரர் அவர் இடுப்பைச் சுற்றி நாடாவைப் போட்டு, எண் தெரியாமல் தலையைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கம்பளித் துணி ஒன்றை உதறிக்கொண்டிருந்த மனைவி தும்மினாள். ஒரே ஒரு தும்மல்.

ஆய்வாளர் அப்படியே பின்னுக்குத் துள்ளினார். நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்த தையல்காரரும் கூடவே போனார்.

“நூல் தூசி சார். நீங்க வேணா பாருங்க” என்று சொல்லி மனைவி துணியை அவர் பக்கமாக இன்னொரு முறை உதறினாள்.

ஆய்வாளருக்கு மூக்கு சுருங்கியது. கண் கலங்கியது. தும்மினால் தன்னையே பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்பது நினைவுக்கு வந்து, மூக்கை இரண்டு விரலால் நெரித்து, மேசையைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவந்து, ஒரு பெரும் போராட்டம் நடத்தித் தும்மலை உள்ளேயே விழுங்கினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தும்மியவர் தோட்டம் தெரியும் ஜன்னலும் உள்ளேயே குளியலறையும் உள்ள தனி அறையில் இருக்க வேண்டும் என்று அந்த வாரத்துக் கொள்கையைச் சொன்னார்.

“உங்க வீட்ல எத்தனை ரூம்?” என்றார்.

“இதுதான் சார்.”

“சரி, இது ஹால். மத்த ரூமெல்லாம்?”

தையல்காரர் திரையை விலக்கிக் காட்டினார். ஆய்வாளர் கெட்ட மனிதர் அல்ல. மேசையில் கிடந்த தையல் சாக்கட்டியை எடுத்துத் தரையில் கோடு போட்டு, இது உங்கள் அறை, இது உங்கள் மனைவியின் அறை, இவை ஆளுக்கொரு குளியலறை என்று பிரித்துக் கொடுத்தார். தோட்டத்துக்காக ஒரு மூலையில் செடி ஒன்றும் வரைந்தார். அடுப்பு மட்டும் தையல்காரரின் குளியலறைக்குள் விழுந்துவிட்டது. பால் பொங்குகிற வாசனை வந்ததும் மனைவி இரண்டு சுவர்களைத் தாண்டிப் போய் அடுப்பை அணைத்தாள். ஆய்வாளர் வருத்தத்தோடு தலையசைத்து, வண்டிக்குச் சொல்லி அனுப்பினார்.

வண்டியில் ஏறும்போது மனைவி கணவனிடம் சொன்னது சோறு, சாவி, பால்காரர் என்று வீட்டு விஷயங்கள்தான். கடைசியாகக் குரலைத் தணித்து, “ஊசியைக் கொண்டாங்க, சாயங்காலம் கோத்துத் தர்றேன்” என்றாள்.

அவளை வைத்திருந்தது மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில். தும்மியவர்கள், இருமியவர்கள், தொண்டையைக் கனைத்தவர்கள், கனைத்தவருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் வகுப்பு வாரியாக அங்கே இருந்தார்கள். கம்பிக் கதவுக்கு வெளியே ஒரு காவலர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தையல்காரர் தினமும் கடையைச் சாத்திவிட்டு ஒரு துணித்துண்டில் ஊசிகளைக் குத்திக்கொண்டு, நூற்கண்டோடு போவார். அவள் கம்பிக்குப் பின்னால் நின்று மளமளவென்று கோத்துத் திருப்பிக் கொடுப்பாள். கோத்துக்கொண்டே பேசுவாள். மிஷின் ஊசியில் பழைய நூலோடு புது நூலை முடிந்து இழுத்து அவர் எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். கை ஊசிக்கு அந்த வித்தை செல்லாது. ஆனால் அவர் போனது நூலுக்காக மட்டும் இல்லை. வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று காவலர் சொல்லியிருந்தார். அவள் வெளியே வரவேண்டிய நாளுக்கு முந்தைய நாள் கொள்கை மாறியது.

அடுத்து வந்தது வடக்கே வெகுதூரத்தில் இருக்கும் ஒரு பனி நாடு. தையல்காரர் மனைவிக்கு மாற்றுப் புடவையும் எடுத்துக்கொண்டு போய் நின்றபோது ஆய்வாளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு நிலைமையை விளக்கினார். இத்தனை நாள் உள்ளே இருந்தது பணக்கார நாட்டுக் கணக்கில். இப்போது நடப்பது பனி நாட்டுக் கணக்கு. அந்த நாட்டு நாளையும் இந்த நாட்டு நாளையும் கூட்ட முடியாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

“நாள் எல்லா ஊர்லயும் ஒண்ணுதானே சார்?” என்றார் தையல்காரர்.

“அப்படி நினைச்சுத்தான் நிறைய நாடு கெட்டுப்போச்சு” என்றார் ஆய்வாளர்.

பனி நாட்டின் சுற்றறிக்கையில் ஆளுக்கு ஆள் தள்ளி நிற்க வேண்டும் என்று இருந்தது. காற்று வரும்படி ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று இருந்தது. இவற்றை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கடுத்த வரியில், ஒவ்வொரு வீட்டாரும் காலையில் தம் வாசலில் உள்ள பனியை அகற்றிவிட்டு, அகற்றியதை ஆய்வாளரிடம் காட்ட வேண்டும் என்று இருந்தது. ஊரில் பிடரியில் அறைகிற வெயில். பனியை யாரும் படத்தில் தவிரப் பார்த்ததில்லை. ஆனால் வரியை விட முடியுமா? ஐஸ் தொழிற்சாலையிலிருந்து பாளம் பாளமாகக் கொண்டுவந்து, உடைத்து, விடியும் முன் வீட்டுக்கு வீடு கொட்டுவதற்கு டெண்டர் விட்டார்கள். அதைத் தையல்காரரின் மச்சானே எடுத்திருந்தான். அவனிடம் ஒரு சின்ன வேன் இருந்தது.

“மாமா, சீக்கிரம் அள்ளுங்க. உருகிடுச்சுன்னா நீங்க அள்ளலேன்னு ஆகிடும்” என்று அவன் வேனிலிருந்தே சத்தம் கொடுப்பான். மாமா துணி வெட்டும் மரச்சட்டத்தால் ஐஸை ஓரமாகத் தள்ளுவார். மீன் விற்கிறவர்கள் பின்னாலேயே கூடையோடு வந்து அதை அள்ளிக்கொண்டு போவார்கள். கூட்டம் நெருக்கித் தள்ளும். அக்கா உள்ளே கிடக்கிறாளே, ஆய்வாளரிடம் உனக்குப் பழக்கம் உண்டே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று தையல்காரர் கேட்டதற்கு, மச்சான் கொஞ்சம் யோசித்துவிட்டு, பனி நாடு இன்னும் ஒரு வாரம் ஓடினால் வேன் தவணை முடிந்துவிடும், அதற்குப் பிறகு கட்டாயம் சொல்கிறேன் என்றான்.

தையல்காரருக்கும் துறையிலிருந்து வேலை வந்தது. பனி நாட்டு முகக்கவசத்துக்கு உள்ளே கம்பளி வைக்க வேண்டும். தெருவில் அதைக் கட்டிக்கொண்டு போனவர்கள் வெந்துபோய் மயங்கி விழுந்தார்கள். விழுந்தவர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனார்கள்.

அடுத்து ஒரு தீவு நாடு முன்னுக்கு வந்தது. துறைமுகங்களை மூடு, கப்பல் மாலுமிகளைக் கரையில் இறங்க விடாதே என்பது அவர்கள் கொள்கை. ஊரிலிருந்து கடல் ஒரு நாள் பயணம். பூங்காவில் ஒரு குளம் இருந்தது; அதில் வாத்து வடிவத்தில் ஒரு மிதி படகு இருந்தது. குளக்கரையை மூடிச் சங்கிலி போட்டார்கள். படகோட்டி அந்நேரம் இலை மிதக்கும் நடுக்குளத்தில் இருந்தார். அவர் மாலுமி என்று முடிவானதால் வாத்துக்குள்ளேயே இருக்கும்படி ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். அவர் மனைவி கரையில் நின்று சாப்பாட்டை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து மிதக்கவிட்டாள்.

தையல்காரரின் மனைவிக்கு மறுபடி முதல் நாள் தொடங்கியது. இம்முறை ஊசியும் சிக்கலில் மாட்டியது. வெளியிலிருந்து உள்ளே போவது இறக்குமதி, உள்ளிருந்து வெளியே வருவது ஏற்றுமதி என்றார் காவலர். இறக்குமதிச் சரக்கு மருந்துத் தண்ணீரில் ஊறிய பிறகே உள்ளே போகலாம்.

“ஊசிக்கு எங்க தம்பி காய்ச்சல் வரப்போகுது?” என்றார் தையல்காரர்.

“நான் சொல்லல அண்ணே. தீவு சொல்லுது.”

ஊறிய ஊசிகள் துருப்பிடித்து வந்தன. மனைவி துருவைப் புடவையில் தேய்த்துக் கோத்தாள். அன்றைக்கு அவள் அதிகம் பேசவில்லை. தன் வகுப்பறையில் வந்த அன்றிலிருந்து ஒரு பெண் நிஜமாகவே காய்ச்சலில் கிடந்ததாகவும், அவளை யாராவது பார்க்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது என்றும், நேற்று கொண்டுபோனவளைத் திரும்பக் கொண்டுவரவில்லை என்றும் மெதுவாகச் சொன்னாள். மருத்துவர் வரவில்லையா என்று அவர் கேட்டார். மருத்துவர் வந்தார், மாலுமியைச் சோதிக்கக் குளக்கரைக்குப் போய்விட்டார் என்றாள்.

“என்னைச் சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க” என்றாள் அவள். கல்யாணமான நாள் முதல் அவள் அவரிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. எல்லாவற்றையும் அவளேதான் செய்துகொண்டிருந்தாள்.

தையல்காரர் ஆய்வாளரைத் தேடிப் போவதற்குள் மக்களை நம்பும் நாடு வந்துவிட்டது. அங்கே பூட்டில்லை, தடையில்லை. மக்கள் பொறுப்பானவர்கள், தாமே சரியாக நடந்துகொள்வார்கள் என்று அரசு நம்பும். கேட்டதும் தையல்காரருக்கு உயிர் வந்தது. ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பார்த்தால் கம்பிக் கதவில் பூட்டைக் காணோம். ஆனால் காவலர் அதே நாற்காலியில் இருந்தார். உள்ளே இருப்பவர்கள் தாமாகவே வெளியே வரமாட்டார்கள் என்று அரசு முழுமையாக நம்புவதாகவும், அந்த நம்பிக்கையை மீறுகிறவர்களைப் பிடிப்பதற்காகத் தன்னை நியமித்திருப்பதாகவும் அவர் சொன்னார். பூட்டு இருந்தபோது அவர் கையில் தடி இல்லை. இப்போது இருந்தது. அந்த வாரம் முகக்கவசம் அவரவர் விருப்பம் என்பதால், வேண்டாதவர்கள் போடாமல் இருப்பதற்கு வசதியான கவசங்களாகத் தைத்துத் தரும்படி துறை கேட்டிருந்தது. தையல்காரர் ஒரு இரவு முழுக்க யோசித்து, காது வார் இல்லாமல் தைத்துக் கொடுத்தார். பாராட்டினார்கள்.

பிறகு வந்ததுதான் நோயே இல்லாத நாடு. அங்கே அந்தக் காய்ச்சல் வரவில்லை. வரவில்லை என்று அந்த நாட்டுத் தலைவர் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு யாருக்கும் வரவில்லை. நோயாளிகள் எண்ணிக்கையில் இதைவிடக் குறைவாக ஒரு நாடு இருக்க முடியாது என்பதால் இயக்குநர் மகிழ்ந்து போனார். காய்ச்சல் என்ற சொல்லை யாரும் எழுதக் கூடாது என்று உத்தரவானது. மருந்துக்கடைகளில் வெப்பமானிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். தைத்த கவசங்களையெல்லாம் பிரித்துக் கைக்குட்டையாக ஆக்கும்படி தையல்காரருக்குச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்து வாசலில் ‘விருந்தினர் இல்லம்’ என்று பலகை மாட்டினார்கள்.

தையல்காரரின் தெருக்கோடியில் ஒரு வாத்தியார் இருந்தார். நான்கு நாள் மூச்சுக்குத் திணறி, அந்த வாரம்தான் போனார். இல்லாத நோயில் சாக முடியாது என்பதால், வாழ்வதில் ஆர்வக்குறைவு என்று காரணம் எழுதினார்கள். கையெழுத்துப் போட்டது ஆய்வாளர். போட்டுவிட்டு வெளியே வந்து, தையல் கடை வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். இடுப்பில் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

தையல்காரர் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டார். நோயே இல்லை என்றாகிவிட்டது, அப்படியானால் தன் மனைவியை விட்டுவிடலாம் அல்லவா?

“நோயாளியா இருந்தா குணமாச்சுன்னு விடலாம். விருந்தாளிய எப்படிப் போன்னு சொல்றது? மரியாதையா இருக்காது” என்றார் ஆய்வாளர். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு குரலைத் தணித்து, இதெல்லாம் என் கையில் இல்லை, இயக்குநரைப் பாருங்கள், அவருக்குக் கோட்டு ஒன்று சரிசெய்ய ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

இயக்குநரின் அறையில் ஒரு பக்கச் சுவர் முழுக்க உலக வரைபடம். இத்தனை நாளும் பத்திரமாக வீட்டுக்குள்ளேயே இருந்ததில் அவர் பெருத்திருந்தார். கோட்டின் இரண்டு பக்கமும் வயிற்றுக்கு முன்னால் சந்திக்க மறுத்தன. வரும் வாரம் உலக மாநாடு. ஒரே நோய்க்கு இத்தனை நாடுகளின் கொள்கையையும் கடைப்பிடித்த ஒரே நாடு என்று பரிசு கொடுக்கிறார்கள். அதற்குள் பொத்தான் போட்டாக வேண்டும்.

தையல்காரர் பக்கத் தையலைப் பிரித்து, குண்டூசி குத்தி, அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். அன்று காலையிலிருந்து அவருக்கு உடம்பு என்னவோ போலிருந்தது. ஊசி முனையும் தெரியவில்லை, கோட்டின் அத்தர் வாசனையும் தெரியவில்லை. இயக்குநர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றபடி பேசினார். அவருக்கு எதிரில் ஆள் இருந்தால் போதும், பேச்சு வந்துவிடும்.

“வாரத்துக்கு ஒரு நாடா மாத்துறாங்கன்னு வெளியில பேசுறாங்களாம். ஒரே கொள்கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா, அது வேலை செய்யலேன்னு ஒரு நாள் தெரிஞ்சு போயிடும். மாத்திக்கிட்டே இருந்தா எது வேலை செய்யலேன்னு யாருக்கும் தெரியாது. இதுக்குப் பேர்தான் நிர்வாகம். நீங்க தையல்காரர், உங்களுக்குப் புரியும். நல்ல கோட்டுன்னா யார் போட்டாலும் பொருந்தணும்.”

கோட்டு அப்போது அவர் முதுகில் டர்ரென்று விட்டது. தையல்காரர் அதையும் குண்டூசியால் பிடித்தார். பிடித்துவிட்டு, மனைவி விஷயத்தைச் சொன்னார். இரண்டு முறை திக்கினார்.

இயக்குநர் கவனமாகக் கேட்டார். முழுக்கக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. எல்லா நாட்டுக் கொள்கையிலும் உள்ளே இருந்து, எதிலும் சாகாமல் இருப்பவர் ஒருவரைத்தான் மாநாட்டு மேடைக்குத் துறை தேடிக்கொண்டிருந்ததாம். மேடையில் வந்து ஒரு நிமிடம் உட்காரட்டும், அன்றைக்கே வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள் என்றார். தையல்காரருக்கு அவர் காலில் விழவேண்டும் போல இருந்தது. வாயில் குண்டூசி இருந்ததால் விழவில்லை.

மாநாடு நகர மண்டபத்தில் நடந்தது. பனி நாட்டார் ஆளுக்கு ஆறு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்கள். தீவு நாட்டாரைத் தீவு நாட்டுக் கொள்கைப்படியே வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். நெடுநேரம் கழித்து உள்ளே விட்டார்கள். பணக்கார நாட்டார் ஆளுக்கொரு அறை கேட்டு, கிடைக்காமல், திரை கட்டிக்கொண்டார்கள். நம்பும் நாட்டார் தங்கள் பையைத் தாங்களே காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நோயே இல்லாத நாட்டார் எல்லாருக்கும் கைகொடுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தார்கள். தையல்காரர் மேடை ஓரத்துத் திரைக்குப் பின்னால் நூலும் ஊசியுமாக நின்றார். கோட்டு மூச்சு விட்டால் பிரிகிற நிலையில் இருந்தது.

மனைவியை மேடையில் ஏற்றினார்கள். இளைத்திருந்தாள். அவள் கண் கூட்டத்தைப் பார்க்கவில்லை, திரை ஓரமாக அவரைத் தேடியது.

பனி நாட்டுப் பிரதிநிதி எழுந்து, வாசலில் பனி அகற்றப்பட்டதால்தான் இந்த அம்மாள் பிழைத்தார் என்றார். துறைமுகம் மூடியதால் என்றார் தீவு நாட்டார். தோட்டம் தெரிந்த ஜன்னலால் என்றது திரைக்குள்ளிருந்து ஒரு குரல். நாங்கள் நம்பியதால் என்றார்கள் நம்பும் நாட்டார். நோயே இல்லாத நாட்டார், இவருக்கு எதுவுமே வரவில்லை என்றார்கள். அதுவரை அந்த மண்டபத்தில் சொல்லப்பட்ட உண்மை அது ஒன்றுதான். சொன்னவர்களுக்கு அது தெரியாது.

அவளையே கேட்டுவிடலாம் என்று ஒலிவாங்கியை நீட்டினார்கள்.

“எனக்குக் காய்ச்சலே வரல. ஒரு தடவ தும்முனேன், அதுவும் தூசி” என்றாள் அவள். “பக்கத்துல படுத்திருந்த பொண்ணுக்குத்தான் வந்துச்சு. அவளைப் பத்தி யாராச்சும் கேளுங்களேன்.”

இயக்குநர் எழுந்து கைதட்டினார். பார்த்தீர்களா, நம் கொள்கைகள் நோயைக் குணப்படுத்தவில்லை, வரவே விடவில்லை என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தட்டி முடித்ததும் சண்டை தொடங்கியது. வரவிடாமல் செய்தது எந்த நாடு? முடிவில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். இந்த அம்மாளை ஒவ்வொரு நாட்டுக்கும் அழைத்துப் போய், அவரவர் கொள்கையில் மறுபடி முதலிலிருந்து வைத்துப் பார்ப்பது. ஆய்வு முடிய எத்தனை காலமாகும் என்று ஒருவர் கேட்டதற்கு, அறிவியலுக்கு அவசரம் கிடையாது என்று பதில் வந்தது. இயக்குநர் பெருந்தன்மையோடு சம்மதித்தார். இரண்டு பேர் அவள் இரு பக்கமும் வந்து நின்றார்கள்.

தையல்காரர் திரையை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார். என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியாது. அவர் வாழ்க்கையில் நாலு பேருக்கு முன்னால் பேசியதே இல்லை. ஐயா, நீங்க சொன்னீங்களே என்று தொடங்க வாயைத் திறந்தார். வார்த்தைக்குப் பதிலாக இருமல் வந்தது.

சாதாரண இருமல் இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சைப் பிறாண்டிக்கொண்டு, ஒலிவாங்கி வழியாக மண்டபத்தின் மூலைமுடுக்கெல்லாம் போய் வந்தது. ஒன்று முடியுமுன் இன்னொன்று.

முதலில் ஓடியவர்கள் நோயே இல்லாத நாட்டார். பனி நாட்டார் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு ஒரே கதவில் சிக்கினார்கள். பணக்கார நாட்டார் திரையோடு ஓடினார்கள். நம்பும் நாட்டார் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். இயக்குநர் ஓடும்போது கோட்டு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி மேடையிலேயே தங்கிவிட்டது. நோய் தொடங்கியதிலிருந்து உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே கொள்கையைக் கடைப்பிடித்தது அன்றைக்குத்தான்.

மண்டபத்தில் தையல்காரரும் மனைவியும் மட்டும் மிஞ்சினார்கள். வாசலில் ஆய்வாளர் நின்றிருந்தார். அவர் ஓடவில்லை. கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓட முடியாததாலும் இருக்கலாம். இருவரும் தன்னைக் கடந்து போகும்போது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தெருவில் கொஞ்ச தூரம் போன பிறகு மனைவி சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தாள். இப்படியெல்லாம் நடிக்க எங்கே கற்றுக்கொண்டீர்கள், பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்றல்லவா நினைத்திருந்தேன் என்று கேலி பேசிக்கொண்டே வந்தாள். அவர் மெதுவாக நடந்தார். திருப்பத்தில் ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் சிரிப்பு நின்றது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கை சுட்டது.

“எப்போலேருந்து?”

“கோட்டுக்கு அளவெடுத்த அன்னைக்குக் காலையிலேருந்து.”

“யார்கிட்டயும் சொல்லலியா?”

“யார்கிட்ட சொல்றது? எந்த நாடு நடக்குதுன்னே தெரியல.”

“அந்த இயக்குநரையா சுத்திச் சுத்தி வந்தீங்க?”

“ரெண்டு தடவ” என்றார் அவர். அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

வீட்டுக்கு வந்ததும் அவள் மூடிக்கிடந்த பின்ஜன்னலை அடித்துத் திறந்தாள். அவரைத் திரைக்குப் பின்னால் படுக்க வைத்தாள். ஒரு கைக்குட்டையை எடுத்து வாயையும் மூக்கையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, தண்ணீர் கொதிக்க வைத்துச் செம்பில் ஊற்றி, கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள். வாசலில் சத்தம் கேட்டது. மச்சான் வேனோடு வந்திருந்தான். அக்காவைப் பார்த்துவிட்டு உள்ளே நுழையப் போனவனை அவள் நிலைப்படியிலேயே நிறுத்தினாள். மாமாவுக்குக் காய்ச்சல், உள்ளே வராதே, யாரையும் வரவிடாதே, நல்ல டாக்டர் யாராவது இருந்தால் கையோடு கூட்டிக்கொண்டு வா, கேட்கிற பணம் கொடு என்றாள். அவன் எந்த நாட்டுக் கொள்கைப்படி என்று கேட்கவில்லை. அக்காவின் கண்ணைப் பார்த்துவிட்டு வேனைக் கிளப்பினான்.

வெட்டும் மேசையின் மேல் துணிகளை ஒதுக்கி அவள் தனக்கு இடம் பண்ணிக்கொண்டாள். திரைக்குப் பின்னால் இருமல் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. ஒவ்வொரு முறையும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவர் மூச்சு திரும்ப வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டாள்.

“இருக்கியா?” என்றார் அவர் உள்ளிருந்து.

“இங்கதான் இருக்கேன். தண்ணியக் குடிச்சிட்டுப் படுங்க.”

செம்பு தரையில் உரசும் ஓசை கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, எத்தனை நாள் இப்படி இருக்கவேண்டும் என்று அவர் கேட்டார்.

“சரியாகுற வரைக்கும்” என்றாள் அவள்.